புளி போட்டுத் துலக்கிய மாதா

நான் தோண்டிக்கொண்டிருந்த கோட்டையைப் பார்க்க ஒருமுறை என் கணவர் வந்தார். காரைவிட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்துச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "கோட்டை எங்க?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊர்க்காரர்களுக்குக் கோட்டை என்றால் மதில் வேண்டும், அகழி வேண்டும், வாசலில் வெள்ளரிக்காய் விற்பவராவது வேண்டும். டெக்சாஸில் அந்த இடத்தில் இருந்ததோ மாடு மேயும் வெறும் புல்வெளி. முள்மரங்கள் நாலைந்து, ஓர் ஓடை, நாங்கள் வெட்டிய சதுரக் குழிகள், அவ்வளவுதான். நான் அவரை ஒரு குழியின் ஓரத்துக்கு அழைத்துப்போய் அடியில் தெரிந்த கறைகளைக் காட்டினேன். வெளிறிய மண்ணில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பு வட்டங்கள், வரிசையாக. இங்கே மரத்தூண்களை நட்டு மதில் கட்டியிருந்தார்கள், மரம் மக்கிப்போய்க் கறை மட்டும் மிஞ்சியிருக்கிறது, இதுதான் கோட்டைச் சுவர் என்று பெருமையாக விளக்கினேன். அவர் கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கா சனிக்கிழமை சனிக்கிழமை இவ்ளோ தூரம் டிரைவ் பண்றே?" என்று கேட்டுவிட்டு ஏசி போட்ட காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னால் ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவிலிருந்து வடக்கே வந்து, தங்கள் எல்லை இதுதான் என்று காட்டுவதற்காகக் கட்டிய கோட்டை அது. கட்டியவர்களே சில வருடங்களில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சாப்பாடு வரவில்லை, சம்பளம் வரவில்லை, வயிற்றுப்போக்கு மட்டும் வந்தது. சிப்பாய்கள் ஒவ்வொருவராக ஓடிப்போனார்கள். கடைசியில் மிச்சமிருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். சரித்திரத்தில் தோற்றதற்கும் ஜெயித்ததற்கும்தான் இடம் உண்டு, சலித்துப்போய்க் கிளம்பியதற்கு இடம் இல்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

நான் அங்கே போன காரணம் வேறு. அப்போது எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. கணவர் ஆஸ்டினில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தார், நான் அவரோடு ஒட்டிக்கொண்டு வந்தவள். சென்னையில் வரலாற்றில் எம்.ஏ. படித்து, தொல்லியலில் டிப்ளமோ வாங்கி, ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் பாடமும் நடத்தியிருந்தேன். இங்கே ஆளுக்கொன்று சமைத்து எடுத்துவரும் ஒவ்வொரு பாட்லக் விருந்திலும் ஏதாவது ஓர் ஆன்ட்டி, கையில் பேப்பர் தட்டோடு, "நீ என்னம்மா பண்றே?" என்று கேட்பார். நான் "வீட்லதான் ஆன்ட்டி" என்பேன். அந்த 'தான்' என் தொண்டையைவிட்டு வெளியே வருவதற்குள் எனக்கு முகம் சூடாகிவிடும். சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யச் சட்டத்தில் தடை இல்லை என்று தெரிந்ததும், பல்கலைக்கழகத்துக்காரர்கள் நடத்திய இந்த அகழாய்வில் சேர்ந்துகொண்டேன். மற்றத் தொண்டர்கள் எல்லாரும் ரிடயர் ஆனவர்கள். கொத்துக்கரண்டியும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் குழிக்குள் இறங்கிவிட்டால் யாரும் நீ என்ன பண்றே என்று கேட்பதில்லை. நான் பண்ணுவது அவர்களுக்கே தெரிந்தது.

அந்த வருடம் பிப்ரவரியில் அத்தை வந்தார். என் மாமியார். தூத்துக்குடிப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம், என் பிறந்த வீடும் அதேதான் என்றாலும் நான் சென்னையில் வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பாதியில் போய்ப் பாதியில் திரும்புகிற ரகம். அத்தை அப்படி இல்லை. பங்குக் கோயிலில் மாதா சபையில் முக்கியமானவர். பெரிய திருவிழாவுக்கும் பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கும் முன்னால் கோயிலின் பித்தளைக் குத்துவிளக்கு, மெழுகுவர்த்தி ஸ்டாண்டு, பீடத்து மணி எல்லாவற்றையும் சபைப் பெண்கள் கூடி உட்கார்ந்து புளி போட்டுத் துலக்குவார்கள். அந்தக் கூட்டத்துக்கு அத்தைதான் தலைவி. புளியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, உப்பு எவ்வளவு சேர்ப்பது என்பதில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாதாம்.

அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து ஆஸ்டின் புறநகரில் ஒரு வீட்டில் அடைத்துவைத்தோம். தெருவில் மனிதர் இல்லை. பக்கத்து வீட்டில் நாய் மட்டும் உண்டு. முதல் சனிக்கிழமை நான் கோட்டைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, என் நான்ஸ்டிக் சட்டிகள் இரண்டையும் கறுப்பே இல்லாமல் தேய்த்து, அலுமினியம் பளபளக்கக் கவிழ்த்து வைத்திருந்தார். "எப்படித்தான் இவ்வளவு கரி ஏற விட்டியோ" என்று அன்பாகக் கடிந்துகொண்டார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க அவர் அதை மட்டுமே செய்திருக்கிறார் என்று புரிந்தபோது சங்கடமாகப் போயிற்று. அடுத்த சனிக்கிழமை அவரையும் காரில் ஏற்றிக்கொண்டேன்.

குழிகளுக்குச் சற்றுத் தள்ளி, தார்ப்பாய்க்குக் கீழே நீள மேசை போட்டு, கிடைத்ததைக் கழுவும் வேலை நடக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், பழைய டூத்பிரஷ், உலரவைக்கக் கம்பி வலை. பானை ஓடுகளையும் எலும்புகளையும் கழுவ வேண்டும். அகழாய்வுக்குத் தலைமை வகித்தவர் அறுபது வயதை நெருங்கும் ஒரு பேராசிரியை. உயரமாக, வெயிலில் சிவந்த கழுத்தோடு, எப்போதும் சட்டைப்பையில் பென்சிலோடு இருப்பார். அத்தை அவரைப் பார்த்த மாத்திரத்தில் "டீச்சரம்மா" என்று பெயர் வைத்தார், பிறகு எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. டீச்சரம்மா வேலையின் விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். முக்கியமானது இது: இரும்பு, செம்பு, பித்தளை எதையும் தண்ணீரில் போடக்கூடாது, தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டியபடியே நடந்தும் கொண்டார். ஆணி வந்தால் தனியே வைத்தார், பொத்தான் வந்தால் தனியே வைத்தார். அவர் கழுவிய ஓடுகளில் ஒரு பொட்டு மண் இருக்காது.

அத்தைக்கு அந்த மேசையில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே எலுமிச்சைச் சாதத்துக்கு ஏற்பாடு நடக்கும். சேலைக்குக் கீழே ஷூ, தலையில் என் கணவரின் தொப்பி. ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லாமல் அந்தக் கிழவர்களோடு சிரித்துப் பேசினார், அவர்களும் ஒரு வார்த்தை தமிழ் இல்லாமல் பதில் சொன்னார்கள். நான் குழிக்குள் இருந்தபடி மேலே கேட்கும் சிரிப்பில் அத்தையின் குரலைப் பிரித்துக் கேட்பேன். வீட்டில் வாரம் முழுக்க நாற்காலி நுனியில் உட்காருகிறவர், அந்த மேசையில் மட்டும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஆறு மாதமும் அவரை இப்படியே இருக்கவைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

டீச்சரம்மாவுக்கு ஒரு கேள்வி இருந்தது. இந்தக் கோட்டையில் பெண்கள் இருந்தார்களா? அவர் படித்த பழைய காகிதங்களில் சிப்பாய்களைப் பற்றியும் குதிரைகளைப் பற்றியும்தான் பேச்சு. ஒரு பெண்கூட இங்கே வரவில்லை என்று புத்தகங்களில் எழுதிவிட்டார்கள். டீச்சரம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. சமைத்தது யார், கிழிந்ததைத் தைத்தது யார் என்று மத்தியானச் சாப்பாட்டின்போது எங்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு ஊசி, ஒரு காதணி, ஏதாவது கிடைக்காதா என்பதுதான் அவருடைய ஏக்கம். அதுதான் கடைசி சீசன் வேறு. நிலம் ஒரு பண்ணைக்காரருடையது, கோடைக்கு முன் குழிகளை மூடி நிலத்தை அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை என் கரண்டி முனையில் பச்சையாக ஏதோ தட்டுப்பட்டது. தூரிகையால் மண்ணைத் தள்ளினால், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பதக்கம். பாசி பிடித்த மாதிரி முழுக்கப் பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே அங்கி அணிந்த ஒரு பெண்ணுருவம் மங்கலாகத் தெரிந்தது. மாதா. ஸ்பானியச் சிப்பாய் யாரோ கழுத்தில் போட்டிருந்தது. டீச்சரம்மா குழிக்குள் குதித்தே வந்துவிட்டார். மெதுவாகத் திருப்பியபோது பின்பக்கம் பொருக்கு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. டீச்சரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். துணி, என்றார். பித்தளையிலிருந்து ஊறிய பச்சைக் களிம்பு அந்தத் துணியை மக்கவிடாமல் காத்திருக்கிறது. இந்தக் கோட்டையில் இதுவரை ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. என்ன துணி, யார் நெய்தது, யார் தைத்தது என்று பரிசோதனைச் சாலையில் சொல்லிவிடுவார்கள். என் தோளைப் பிடித்து உலுக்கினார். இரண்டு வருடத்தில் சொல்லிக்கொள்ளும்படி நான் கண்டெடுத்த ஒரே பொருள் அது. அந்த வாரப் பாட்லக்கில் என்னிடம் யாரும் நீ என்ன பண்றே என்று கேட்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது, நானாகவே சொல்லிக்கொண்டேன்.

அத்தைக்கு அது வேறு மாதிரி. நம் பக்கத்தில் மண்ணிலிருந்தோ கடலிலிருந்தோ மாதாவின் சுரூபமோ சிலையோ கிடைத்தால் அது கிடைத்த பொருள் இல்லை, வந்த மாதா. "நம்ம ஊரா இருந்தா இந்நேரம் ஒரு கெபி கட்டி மாதாவை உள்ள வச்சிருப்பாங்க" என்றார். ஊரிலிருக்கும் தங்கைக்கு போன் போட்டு, மாதா என் மருமகள் கையில் வந்துவிட்டாள் என்று இரண்டு முறை சொன்னார், லைன் சரியில்லாததால் மூன்றாவது முறையும் சொன்னார். ஒரே ஒரு குறைதான் அவருக்கு. அத்தனை அழுக்கோடு ஏன் டப்பாவுக்குள் வைத்தார்கள்? இங்கே அப்படித்தான் வைப்பார்கள் என்று சொல்லிவிட்டு நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

அந்த மாநிலத்துச் சட்டப்படி தனியார் நிலத்தில் கிடைக்கும் பொருள் நிலத்துக்காரருக்குச் சொந்தம். அதனால் பதக்கத்தை வெளியூர்ப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பும் முன் பண்ணைக்காரரிடம் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமை டீச்சரம்மா அதைப் பெட்டியோடு கொண்டுவந்து, கழுவும் மேசையின் ஓரத்தில், நிழலில் வைத்துவிட்டு, பண்ணை வீட்டுக்கு அவரை அழைத்துவரப் போனார். மறுநாள் குருத்து ஞாயிறு. பாஸ்காவுக்காக ஊரில் மாதா சபைப் பெண்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து பித்தளை துலக்குவது இந்தச் சனிக்கிழமைதான். இதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அப்போது நான் குழியில் இருந்தேன். மேசையில் அத்தை மட்டும் இருந்தார்.

தண்ணீர் குடிக்க மேலே ஏறி வந்தபோது புளி வாசனை வந்தது. டெக்சாஸ் வெயிலில், மாட்டுச் சாணிக்கும் காய்ந்த புல்லுக்கும் நடுவே, ரசத்துக்குக் கரைத்த மாதிரிப் புளி வாசனை. அத்தையின் முன்னால் எவர்சில்வர் டப்பாவின் மூடி திறந்திருந்தது. மாதா இன்று மேசைக்கு வருவாள் என்று முந்தின நாள் நான் சொன்னதைக் கேட்டு, வீட்டிலிருந்தே புளியும் உப்பும் எடுத்து வந்திருக்கிறார். அவர் உள்ளங்கையில் வெள்ளைக் கைக்குட்டை. கைக்குட்டையின் நடுவில் பதக்கம், பொன்னாக, நேற்று அடித்த காசு மாதிரி மின்னியது.

"எப்படி இருக்கு பாரு. முகமெல்லாம் தெரியுது" என்றார் அத்தை.

நான் அதை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கமும் அதே பளபளப்பு. பின்னால் ஒட்டியிருந்தது எங்கே என்று கேட்டேன். ஊறினதும் கழன்று வந்துவிட்டது, அழுக்குத் துணிதானே என்றார். தண்ணீர்? முள்மரத்தடியில் கொட்டியாயிற்று.

"பித்தளையைத் தண்ணில போடக்கூடாதுன்னு சொன்னேன்ல அத்தை?"

அத்தை என்னைப் புரியாமல் பார்த்தார். "இது பித்தளையாம்மா? மாதால்லா."

அவர் விதியை மறக்கவில்லை, மீறவும் இல்லை. அந்த விதி மாதாவுக்கும் சேர்த்துச் சொன்னது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தேர்வில் ஒழுங்காகப் படித்து எழுதியும் தப்பாகிப் போன மாதிரி.

அதற்குள் பிக்கப் வண்டி வந்து நின்றது. டீச்சரம்மாவும் பண்ணைக்காரரும் இறங்கினார்கள். அத்தை எழுந்து நின்று, கைக்குட்டையோடு பதக்கத்தை இரண்டு கையாலும் ஏந்தி, சிரித்தபடி டீச்சரம்மாவை நோக்கி நீட்டினார். பூசையில் காணிக்கை கொண்டுபோய்க் கொடுப்பது போலவே இருந்தது. டீச்சரம்மா அதைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தில் இருந்த சிவப்பு மட்டும் வடிந்தது. தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள் என்று மெல்லிய குரலில் கேட்டார். நான் முள்மரத்தைக் காட்டினேன்.

டீச்சரம்மா போய் மரத்தடியில் முழங்காலிட்டார். ஈர மண்ணை விரலால் பிரித்துத் தேட ஆரம்பித்தார். விஷயம் தெரிந்து மற்றத் தொண்டர்களும் ஒவ்வொருவராக வந்து முழங்கால் போட்டார்கள், முட்டிவலிக்காரர்கள் உட்பட. நானும் போட்டேன். பண்ணைக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர் போலத் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

இத்தனையையும் அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் மாதாவின் முன்னால் ஆண் தொப்பியைக் கழற்றினால், எல்லாரும் முழங்காலிட்டுத் தலைகுனிந்தால், அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். மாதாவின் முகம் தெரிந்ததும் எல்லாருக்கும் பக்தி வந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முகம் மலர்ந்து, சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் முக்காடு போட்டு, என் பக்கத்தில் வந்து முழங்காலிட்டு, மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபத்தைத் தொடங்கினார். வாய்விட்டு, ராகமாக, சபைக்குத் தலைமை தாங்குகிறவரின் குரலில்.

மண்ணைப் பிரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. எல்லாரும் எங்கள் இருவரையும் பார்த்தார்கள். உடம்பில் இருந்த ரத்தம் முழுக்க என் முகத்துக்கு வந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்பார்கள், அங்கே எங்கள் குழிகளே நாலைந்து திறந்து கிடந்தன.

"எந்திரிங்க அத்தை" என்று கத்தினேன். "இங்க யாரும் ஜெபம் பண்ணல. நீங்க கழுவிக் கெடுத்ததைத்தான் எல்லாரும் மண்ணுல தேடிட்டு இருக்காங்க. உங்களால என் மானம் போகுது."

தமிழ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. பண்ணைக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அத்தை பாதி ஜெபத்தில் நிறுத்தினார். முக்காட்டை எடுத்தார். எழுந்திருக்க முடியாமல் மரத்தைப் பிடித்தபோது டீச்சரம்மாதான் ஓடிவந்து கைகொடுத்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன், என் கை மண்ணிலேயே இருந்தது. அத்தை யாரையும் பார்க்காமல் நடந்துபோய் எங்கள் காரில் ஏறி உட்கார்ந்தார்.

அவரிடம் என்ன சொன்னாய் என்று டீச்சரம்மா கேட்டார். வெயிலில் களைத்துவிட்டீர்கள், போய் ஓய்வெடுங்கள் என்று சொன்னேன் என்றேன். அவர் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சல்லடையை எடுத்துவரச் சொன்னார்.

அந்த ஈர மண்ணை அள்ளிக் கொசுவலை போன்ற சல்லடையில் சலித்துப் பார்த்தோம். வேர்கள் வந்தன, எறும்புகள் வந்தன, புளியின் நார் வந்தது. நாரைப் பார்த்து ஒருமுறை எல்லாரும் நூல் என்று நினைத்துவிட்டோம். நான்தான் அது என்ன என்று சொல்ல வேண்டியிருந்தது.

சாயங்காலம் டீச்சரம்மா காருக்கு வந்தார். திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தனக்குக் கோபம் இல்லை என்று அத்தையிடம் சொல்லச் சொன்னார். பிறகு, துலக்கும்போது பின்பக்கம் என்ன பார்த்தார் என்று கேட்கச் சொன்னார். நிறம், முடிச்சு, தையல், எதுவானாலும் சரி. அந்தத் துணியைக் கையில் தொட்டவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான், அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்கிறேன் என்றார். நான் நின்றபடியே, அத்தையின் முகத்தைப் பார்க்காமல், பள்ளியில் ஒப்பிப்பது போலத் தமிழில் சொன்னேன்.

அத்தை டீச்சரம்மாவைப் பார்க்கவில்லை. என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிரும்மா. எனக்குக் கண்ணு சரியா தெரியலன்னு சொல்லிரு" என்றார்.

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டீச்சரம்மா அத்தையின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

வீட்டில் கணவர் கதையைக் கேட்டுவிட்டு, அம்மா தெரியாமல் செய்ததுதானே என்றார். நான் கத்தியதைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் கூப்பிட்டபோது, "நீ போயிட்டு வாம்மா, எனக்கு முட்டி வலிக்கு" என்றார். அதற்கடுத்த சனிக்கிழமை நான் கூப்பிடவில்லை. அங்கே எல்லாரும் அவரைத்தான் கேட்டார்கள். அம்மா எங்கே, அம்மாவுக்கு உடம்பு சரியாக இருக்கிறதா, எலுமிச்சைச் சாதம் இல்லாமல் மத்தியானமே நன்றாக இல்லை என்றார்கள். பண்ணைக்காரர்கூட வண்டியை நிறுத்திக் கேட்டார். அத்தனை பேரில் ஒருவர்கூட அவரைக் குறை சொல்லவில்லை. சொன்னவள் நான் ஒருத்திதான், அதுவும் அவருக்குப் புரிகிற மொழியில்.

ஏப்ரல் கடைசியில் அத்தை தன் மகனிடம் டிக்கெட்டை முன்னால் மாற்றச் சொன்னார். தங்கை வீட்டில் ஏதோ விசேஷம் என்றார். கணவர் நம்பினார். வீட்டில் அத்தை மறுபடி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டிருந்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவும் முன் என்னிடம், "இதைக் கழுவலாமாம்மா?" என்று கேட்பார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் நான் சுருங்கிப்போவேன்.

மே மாதம் விமான நிலையத்தில், கணவர் பெட்டிகளை எடைபோடும் வரிசையில் நின்றார். நானும் அத்தையும் சுவரோரம் இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அத்தை ஜெபமாலையைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். என் பக்கம் திரும்பாமலே பேச ஆரம்பித்தார்.

"அந்தத் துணி நீலம்மா."

எந்தத் துணி என்று ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை.

"மாதா பின்னால இருந்தது. புளித்தண்ணில பச்சை இறங்கினதும் நல்ல நீலமா தெரிஞ்சுது. சின்னதா மடிச்சு, சுத்தி ஓட்டுத் தையல் போட்டிருந்துச்சு, பொடிப் பொடியா. ஒரு மூலை கிழிஞ்சு போயி, அதை வேற நூலு போட்டு மறுக்கா தைச்சிருக்கா. பொம்பளை தைச்சதுதான். எடுத்துப் பாக்கதுக்குள்ள கைலயே கரைஞ்சு போச்சு."

இதை அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு டீச்சரம்மாவிடம் போனில் சொன்னேன். பார்த்தவர் நேரில் சொல்லி, அதைத் தான் அன்றே எழுதி வைத்திருந்தால் அறிக்கையில் சேர்த்திருக்கலாம், இப்போது முடியாது என்றார். குழிகளை அதற்கு முந்தின வாரமே மூடியிருந்தார்கள். அந்தக் கோட்டையில் பெண்கள் இல்லை என்றுதான் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது.

ஆனால் அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. கண் தெரியவில்லை என்று சொன்னீர்களே, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"கண்ணுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தை. "நான் சொன்னா நீதான அதை அந்த டீச்சரம்மாகிட்ட இங்கிலீஷ்ல சொல்லணும்? எம் மாமியா இன்னதைக் கரைச்சிட்டான்னு உன் வாயால எல்லாரு முன்னாலயும் சொல்லணும். ஏற்கெனவே என்னால மானம் போச்சுன்னு நின்னுட்டு இருந்த. இன்னும் எதுக்குன்னு விட்டுட்டேன்."

மன்னிச்சிருங்க அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். கணவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "இறங்கினதும் போன் பண்ணுங்க அத்தை" என்பதுதான் வந்தது. சரிம்மா என்றார். என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார், மகனுக்கும் போட்டார். பாதுகாப்பு வரிசையில் போய் நின்று, முன்னால் இருப்பவர்களைப் பார்த்து ஷூவைக் கழற்றினார். உள்ளே போகும் முன் திரும்பி எங்களுக்குக் கையசைத்தார். நான் கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.